காக்கை உட்கார்ந்த கால்

பேகையா என்ற ஊரில் தெய்வத்துக்கு மணப்பெண் பார்க்கும் பொறுப்பு காக்கையிடம் இருந்தது. மனிதர்களிடம் விட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள் என்று முன்னோர்கள் அப்படி வைத்துவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான். எப்போதோ ஹேரா தெய்வத்துக்கும் அவள் புருஷன் ஜீயஸுக்கும் சண்டை. அவள் கோபித்துக்கொண்டு கித்தேரோன் மலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒரு ஓக் மரத்தை வெட்டி, பெண்ணாகச் செதுக்கி, முக்காடு போட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி, தனக்கு இரண்டாம் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு ஊர் வழியாகப் போனான். அவள் ஓடிவந்து முக்காட்டைக் கிழித்தாள். உள்ளே கட்டை. சிரித்துவிட்டாள். இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். ஊர்தான் இன்னும் ஆகவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேகையா அந்தக் கல்யாணத்தை மறுபடி நடத்தியாக வேண்டும். அது முடியும்வரை ஊரில் வேறு கல்யாணம் கிடையாது. மீறிச் செய்துகொண்டால் பிள்ளை தங்காது என்பார்கள். தங்கிய பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எந்த மரம் என்பதைக் காக்கை சொல்லும். ஹேராவின் கோயில் காட்டின் ஓரத்தில் இருந்தது. அதன் வாசலில் ஒரு பாறைமேல் வேகவைத்த இறைச்சியை வைப்பார்கள். சபையினர் நாற்காலி போட்டு உட்கார்வார்கள். முதல் காக்கை இறைச்சியைக் கவ்விக்கொண்டு எந்த ஓக்கில் போய் உட்காருகிறதோ அதுதான் மணப்பெண். வெட்டி, செதுக்கி, ஆற்றில் குளிப்பாட்டி, கல்யாணம் முடிந்ததும் மலைமேல் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள்.

போன திருவிழாவில் அந்த மரம் தெல்லிஸின் மேல் விழுந்தது.

தெல்லிஸ் கரி சுடுகிறவன். மரம் சாய்க்கும்போது கயிறு பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கோடரி பிடித்தவன் திராசோன், சபைத் தலைவர் இஸ்மேனியாஸின் தங்கை மகன். மரம் வடக்கே சாயும் என்று தெல்லிஸ் சொன்னான். மலையைப் பார்த்துச் சாய்வதுதான் மரியாதை என்று இஸ்மேனியாஸ் சொன்னார். மரம் வடக்கே சாய்ந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

சபை கூடி விசாரித்தது. புனித மரத்தில் மனித ரத்தம் பட்டுவிட்டதால் அது மணப்பெண்ணாகத் தகுதி இழந்தது என்றும், அந்த ரத்தம் தெல்லிஸுடையது என்பதால் தீட்டுக் கழிக்கப் பன்றிக்குட்டியை அவனே கொடுக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. கொடுத்தான். வேறு மரம் வெட்டினார்கள். ஆனாலும் சபைக்கு ஈரம் இருந்தது. வீணான மரத்திலிருந்து ஒரு கிளையை அவனுக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்தக் கிளையில் தெல்லிஸ் தனக்கு ஒரு கால் செதுக்கிக்கொண்டான்.

கால் வந்த பிறகு ஆசையும் வந்தது. தோல் பதனிடும் தாமோனுக்கு மெலித்தா என்று ஒரு தங்கை. நிச்சயித்தவன் காய்ச்சலில் போய்விட, வயது ஏறிக்கொண்டிருந்தது. கரி கொண்டுபோய்ப் போடும்போது அவள் அவனிடம் பேசுவாள். கட்டைக் காலின் சத்தம் கேட்டதும் தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொள்வாள். அதை அவன் பார்த்திருந்தான்.

தாமோன் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். மாப்பிள்ளை பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, வண்டியிலிருந்து வீட்டு அடுப்புவரை நடத்திக் கூட்டிப்போவது வழக்கம். அதை ஊன்றுகோல் இல்லாமல் செய்ய வேண்டும்.

"ஒரு கையில தடி, ஒரு கையில பொண்ணா?" என்றான் தாமோன். "யாரு யாரைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்கன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா மச்சான்?"

மச்சான் என்று அவன் சொன்னதே தெல்லிஸுக்குப் போதுமாக இருந்தது. கரி மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகினான். நடை வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தோல் வார் கிறீச்சிட்டது. கல்யாணத்தன்று அந்தச் சத்தம் வேண்டாம் என்று மெலித்தா அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு கிண்ணம் பன்றிக் கொழுப்பு கொடுத்தாள். வாரிலும் கட்டையிலும் அழுந்தத் தேய்த்தான். சத்தம் நின்றது.

இனித் திருவிழா முடிய வேண்டியதுதான் பாக்கி.

காக்கை பார்க்கும் நாளில் கரி சுடுகிறவர்கள் எல்லாரும் காட்டோரத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. தெல்லிஸால் வெகுநேரம் நிற்க முடியாது. ஒரு கல்லில் உட்கார்ந்து கட்டைக் காலை நீட்டிக்கொண்டான். காக்கை இறைச்சியை எடுத்த பிறகு யாரும் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, விரட்டக் கூடாது.

காக்கை வந்தது. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தது. அந்தக் காட்டில் ஓக்குக்குப் பஞ்சமில்லை. அது ஒரு வட்டம் அடித்து, தெல்லிஸின் காலில் வந்து உட்கார்ந்தது. இறைச்சியைத் தின்றது. பிறகு கட்டையில் இருந்த கொழுப்பைக் கொத்தியது.

தெல்லிஸ் காலை அசைக்கவில்லை. விரட்டக் கூடாது என்பது விதி.

சபையினர் நாற்காலிகளை விட்டு எழுந்து வந்தார்கள். இஸ்மேனியாஸ் குனிந்து பார்த்தார். அவர் எதையும் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை.

"இது என்ன மரம்?"

"கால்யா."

"மரம் என்னன்னு கேட்டேன்."

"ஓக்குதான். போன தடவை நீங்க குடுத்த கிளை."

இஸ்மேனியாஸ் நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததாகப் பிறகு பலரும் சொன்னார்கள். "போன தடவை நாம தள்ளி வச்ச பொண்ணு," என்றார் சபையைப் பார்த்து. "இத்தனை வருஷமா இவன்கிட்ட இருந்துக்கிட்டு காத்திருக்கா."

தெல்லிஸுக்குப் புரிய நேரமாயிற்று. கொழுப்பு தேய்த்ததைச் சொன்னான். காக்கை அதற்காகத்தான் வந்திருக்கும் என்றான்.

"காக்கா ஏன் உக்காந்துச்சுன்னு கேக்குறது நம்ம வேலை இல்லப்பா," என்றார் இஸ்மேனியாஸ், பொறுமையாக. "அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். எங்க உக்காந்துச்சுங்கிறதுதான் சட்டம். நாங்க மரத்தைத் தேர்ந்தெடுக்கிறதில்ல. அந்தப் பாவத்தை நாங்க பண்ணவே மாட்டோம்."

தெல்லிஸ் வாரை அவிழ்க்கப் போனான். கல்யாணம் தள்ளிப்போகும், வேறு கால் செதுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவன் நினைத்தான். இஸ்மேனியாஸ் அவன் கையைப் பிடித்தார். கழற்றினால் அது விறகு. நிற்கிற மரத்தை வெட்டினால்தான் மணப்பெண். எனவே அவன் எழுந்து நிற்க வேண்டும்.

நின்றான். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். திராசோன் கோடரியோடு வந்தான். அவனுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"அசையாம நில்லு," என்றான். "மரம் அசையாது."

முதல் வெட்டு சிராய் பெயர்த்தது. இரண்டாவது கட்டையில் ஆழப் பதிந்தது. மூன்றாவது கட்டைக்கு மேலே போய்விட்டது.

ரத்தத்தைப் பார்த்ததும் பூசாரியம்மாள் லீசிலா முகத்தை மூடிக்கொண்டாள். கிழவி. போன தடவையும் இப்படித்தான் தீட்டாயிற்று என்று நினைவுபடுத்தினாள். சபை ஒரு ஓரமாகப் போய்ப் பேசியது. தெல்லிஸைத் தோளில் பிடித்திருந்தவர்கள் அதுவரை பிடித்துக்கொண்டே நின்றார்கள். திரும்பி வந்த இஸ்மேனியாஸ் விளக்கினார். போன தடவை ரத்தம் வெளியிலிருந்து வந்து மரத்தின் மேல் பட்டது. அது தீட்டு. இந்தத் தடவை மரத்துக்குள்ளேயிருந்தே வருகிறது. இது பால். வெட்டினால் பால் வடிகிற மரம் எவ்வளவு நல்ல சகுனம் என்று எல்லாருக்கும் தெரியும்.

வெட்டிய கட்டைக் காலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் குலவை இட்டார்கள்.

தெல்லிஸ் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். முடியாது என்றார்கள். புனித மரத்தின் அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, திருவிழாவரை காவல் வைத்து, தினமும் பாலும் தேனும் ஊற்ற வேண்டும். மணப்பெண் மரம் என்றால், அது எதிலிருந்து வெட்டப்பட்டதோ அது அடிமரம். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. அடிமரம் குட்டையானது என்பதால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று மட்டும் சலுகை காட்டினார்கள்.

அப்படித் தெல்லிஸ் கயிற்றுக்குள் உட்கார்ந்தான். காயத்தில் யாரோ கந்தல் சுற்றிவிட்டார்கள். அடிமரத்துக்குச் சோறு போடும் வழக்கம் இல்லை. ஊற்றிய பாலில் வாய்ப்பக்கம் வந்ததைக் குடித்தான். தேனுக்கு எறும்பு வந்தது. முதலில் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அடிமரத்தில் எறும்பு ஏறுவது இயல்புதான், தட்டுவதுதான் இயல்பில்லை என்று காவலுக்கு இருந்த திராசோன் சொன்னான். பிறகு தட்டவில்லை.

மெலித்தா வந்தாள். கயிற்றுக்கு வெளியே நின்று அவனைப் பார்த்தாள். அவன் தாடியில் தேன் காய்ந்து ஒட்டியிருந்தது.

"மரத்துக்கிட்டப் பேசலாமா?" என்று திராசோனைக் கேட்டாள்.

திராசோன் யோசித்தான். யாரும் அவனுக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை. "பேசலாம்," என்றான். "மரம் பதில் சொல்லக் கூடாது."

அவள் கயிற்றோரமாக உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் கல்யாணம் இல்லைங்கிறான். இனி உன்னால நடக்க முடியாதாம். நான் சொன்னேன், அவன் என் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டாம், நான் அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிறேன். வண்டியிலருந்து அடுப்பு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போறேன்னேன். ஊரு சிரிக்கும்கிறான். சிரிக்கட்டுமே, அதுக்குத்தானே இந்தத் திருவிழாவே." கயிற்றை ஒட்டி முன்னால் நகர்ந்தாள். "எனக்கு வேற யாரும் வேண்டாம். உனக்குச் சம்மதமா? வாயைத் திறக்காத. தலையை ஆட்டு."

தெல்லிஸ் திராசோனைப் பார்த்தான்.

மெலித்தாவும் பார்த்தாள். "காத்தடிக்குதுல்ல?" என்றாள்.

திராசோன் மேலே இலைகளைப் பார்த்தான். "லேசா," என்றான்.

தெல்லிஸ் தலையை ஆட்டினான்.

திருவிழா வந்தது. கால் சிறியது என்பதால் செதுக்குகிறவனுக்குச் சங்கடம். வேறு மரத்தை ஒட்டக் கூடாது. ஆடுசதையில் ஒரு முகத்தை மட்டும் கீறி, பாதத்தை அப்படியே விட்டுவிட்டான். ஆற்றில் குளிப்பாட்டினார்கள். எண்ணெய் பூசினார்கள். குங்குமப்பூச் சாயமிட்ட முக்காடு ஏழு மடிப்பாக மடித்தும் பெரிதாக இருந்தது. தோழிப்பெண் அந்தக் காலைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் உட்கார்ந்தாள்.

தெல்லிஸையும் தூக்கி வந்தார்கள். இது இஸ்மேனியாஸின் யோசனை. கல்யாணம் என்றால் பெண்ணைப் பெற்றவன் கை பிடித்துக் கொடுக்க வேண்டும். மரத்தை ஈன்றது அடிமரம். இத்தனை காலமும் அடிமரத்துக்கு வேர் இருந்ததால் அழைத்து வர முடியவில்லை. முன்னோர்களுக்குக் கிடைக்காத வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது என்று கூட்டத்தில் பேசினார். சபை அவரைப் பாராட்டியது.

பெண்ணைக் கொடுக்கும் வாக்கியம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். முறையான பிள்ளைகளை உழுது எடுக்க இவளை உனக்குத் தருகிறேன். தெல்லிஸ் ஒற்றைக் காலில் நின்றான். கையில் அவனுடைய இன்னொரு கால் இருந்தது.

"ஐயா, இதுல எப்படிப் பிள்ளை..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லு," என்றார் இஸ்மேனியாஸ்.

சொன்னான்.

காலை மறுபடி முக்காட்டோடு வண்டியில் வைத்ததும் ஹேரா ஓடிவர வேண்டும். பூசாரியம்மாளைப் பல்லக்கில் முக்கால் தூரம் தூக்கி வந்து இறக்கிவிட்டார்கள். மீதியை அவள் ஓடினாள், அதாவது நடந்தாள். வண்டியில் ஏறி முக்காட்டைக் கிழித்தாள். வழக்கமாக அந்த இடத்தில் அவள் மூன்று முறை 'ஹா' என்பாள். அதுதான் தெய்வத்தின் சிரிப்பு. இந்த முறை முக்காட்டுக்குள் பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கிழவிக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஊரே சிரித்தது. தாமோன் சிரித்தான். காளைகளைப் பிடித்திருந்தவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். தெல்லிஸும் சிரித்தான். அந்த நேரத்தில் சிரிக்காதவன் வீட்டில் கல்யாணம் நிலைக்காது என்பார்கள்.

மெலித்தா மட்டும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நினைவு தெரிந்து இதுதான் சிறந்த திருவிழா என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். காலை மலைமேல் கொண்டுபோய் எரித்தார்கள். கொழுப்பு ஊறியிருந்ததால் நன்றாக எரிந்தது.

மறுநாளிலிருந்து ஊரில் கல்யாணங்கள். தெல்லிஸ் பைன் மரத்தில் ஒரு ஊன்றுகோல் செய்துகொண்டான். ஓக்கைத் தொட அவனுக்குப் பயமாக இருந்தது. தாமோன் இறங்கி வந்திருந்தான். சிரித்த வாய்க்குப் பரிகாரமாகவும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்பு கோயிலில் காணிக்கை வைக்க வேண்டும். மெலித்தா தன் முடியில் ஒரு கற்றையையும் சிறுமியாக இருந்தபோது கட்டிய இடைக்கச்சையையும் கொண்டுவந்தாள். அவற்றைப் பூசாரியம்மாள் வாங்கி உள்ளே வைத்தாள். தெல்லிஸ் கொண்டுவந்த பன்றிக்குட்டியை வாங்கக் கை நீட்டியபோது இஸ்மேனியாஸ் தடுத்தார்.

"நீ யாரோட அப்பன்?" என்று தெல்லிஸைக் கேட்டார்.

தெல்லிஸுக்குப் பிள்ளை கிடையாது. அதைச் சொன்னான்.

"ஊரறியப் பொண்ணைக் கை பிடிச்சுக் குடுத்தியே. யாருக்குக் குடுத்த? ஹேராவோட புருஷனுக்கு. அப்ப உன் பொண்ணு ஹேராவுக்கு என்ன வேணும்?"

தெல்லிஸ் தாமோனைப் பார்த்தான். தாமோன் பன்றிக்குட்டியைப் பார்த்தான்.

"சக்களத்தி," என்றார் இஸ்மேனியாஸ். "சக்களத்தியோட அப்பன் காணிக்கையைக் கொண்டாந்து, என் கல்யாணத்தை நல்லபடியா நடத்திக் குடும்மான்னு அவகிட்டயே கேப்பானா? கேக்கலாமா? எனக்கே கூசுது."

"அது கட்டைன்னு பார்த்துட்டுத்தானே அம்மா சிரிச்சாங்க," என்றான் தெல்லிஸ்.

"சிரிச்சா மன்னிச்சுட்டான்னு அர்த்தம். மறந்துட்டான்னு அர்த்தமில்ல. நீ பொம்பளைங்களோட பழகினதே இல்லையாப்பா?" அவர் குரலில் வருத்தம் இருந்தது. "உம்மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. உன்னை மாதிரி இந்தக் கோயிலுக்குக் குடுத்தவன் யாருமில்ல. ஆனா இந்தக் கூரை நிக்கிற வரைக்கும் இதுக்குக் கீழ உன் காணிக்கை செல்லாது. காணிக்கை செல்லலைன்னா கல்யாணம் செல்லாது."

மெலித்தா தன் முடியைத் திருப்பிக் கேட்டாள். கொடுக்க வழியில்லை என்றார்கள். தெய்வம் வாங்கியாயிற்று. கல்யாணத்துக்காக வாங்கவில்லை, பொதுவாக வாங்கியிருக்கிறது.

வெளியே வந்தபோது அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். கோயில் முன்னொரு காலத்தில் முழுக்க மரத்தால் ஆனது. தூண்கள் உளுத்துப்போகப் போக ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாற்றிவிட்டார்கள். வாசலில் கூரையின் முன்பாரம் முழுவதையும் தாங்கிய பழைய தூண் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. எவ்வளவு தொன்மையான கோயில் என்று வருகிறவர்களுக்குக் காட்ட அதைச் சபை அப்படியே வைத்திருந்தது.

"அது என்ன மரம்?" என்றாள்.

"ஓக்," என்றான் தெல்லிஸ்.

"நிக்கிற மரம்தானே?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் தூணின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாமோன் பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போய்க்கொண்டிருந்தான்.

அதன் பிறகு தினமும் காலையில் தெல்லிஸ் கோயில் வாசலுக்கு வந்தான். அந்தத் தூணடியில் உட்கார்வான். மெலித்தா பட்டறையில் தோலிலிருந்து வழித்தெடுத்த இறைச்சியை வேகவைத்து மண்சட்டியில் கொடுத்தனுப்புவாள். சில நாள் தானே கொண்டுவருவாள். ஊன்றுகோல் நுனியில் கொழுப்பைத் தடவித் தூணின் உச்சி விளிம்பில் பூசுவான். காக்கைகள் அங்கே உட்கார்ந்தால் இறைச்சி. வேறு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுமில்லை. காக்கைகள் சபையைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. அதில் ஒன்றுக்கு ஒரு கால் விரல்கள் மடங்கியிருந்தன. நொண்டி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தூணில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கடைசித் துண்டுக்காக அது அவன் தோளுக்கு வரும். காதை மெல்லக் கவ்வும். அந்தத் துண்டை அவன் கையிலிருந்தே கொடுப்பான்.

தாமோன் இரண்டு மாப்பிள்ளை கொண்டுவந்தான். மெலித்தா இருவரையும் பட்டறை நாற்றத்தில் வெகுநேரம் உட்கார வைத்துப் பேசினாள். போய்விட்டார்கள்.

ஊர் தெல்லிஸைப் பக்திமான் என்றது. காலைக் கொடுத்தவன், கல்யாணத்தைக் கொடுத்தவன், இன்னும் தெய்வத்தின் வாசலை விடவில்லை. இஸ்மேனியாஸ் இளைஞர்களிடம் அவனைக் காட்டி, இவனிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வார். தெல்லிஸ் எழுந்து வணங்குவான்.

அடுத்த திருவிழா வந்தது. பாறைமேல் இறைச்சி வைத்தார்கள். சபையினர் உட்கார்ந்தார்கள். திராசோன் கோடரியைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவன் இப்போது சற்றுத் தடித்திருந்தான். பெண்கள் கூட்டத்தில் மெலித்தா முன்வரிசையில் நின்றாள். தெல்லிஸ் தூணிலிருந்து தள்ளி, ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். அன்று அவன் உட்காரவில்லை.

நொண்டிதான் முதலில் வந்தது. துண்டைக் கவ்வியது. காட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பறந்து தூணின் உச்சி விளிம்பில் உட்கார்ந்தது.

  திராசோன் தூணைப் பார்த்தான், பிறகு மேலே கூரையைப் பார்த்தான். பூசாரியம்மாள் கூரைக்குக் கீழே நாற்காலியில் இருந்தாள். நாற்காலியைத் தானே பிடித்து வெளியே நகர்த்திக்கொண்டாள்.

"ஓக்குதானே அது?" என்றான் தாமோன், பின்னாலிருந்து. "நிக்கிற ஓக்கு."

இஸ்மேனியாஸ் எழுந்தார். வயதாகிவிட்டது, ஆனால் குரல் அப்படியே இருந்தது.

"காக்கா இன்னும் உக்காரல," என்றார்.

எல்லாரும் காக்கையைப் பார்த்தார்கள்.

"இளைப்பாறுது. உக்கார்றது வேற, இளைப்பாறுறது வேற. வழியில ஒரு திண்டுல நின்னு மூச்சு வாங்கினா அது வீடு ஆயிடுமா? இந்த நுணுக்கம் தெரியாமத்தான் பல ஊர்ல சடங்கு கெட்டுப்போச்சு. காக்கா தப்புப் பண்ணாது. நாமதான் அவசரப்பட்டுத் தப்புப் பண்றோம். காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். தாமோன் போன தடவை நடந்ததைச் சொல்லப் பார்த்தான். போன தடவை அது உட்கார்ந்தது என்றார் இஸ்மேனியாஸ்.

நொண்டி இறைச்சியைத் தின்று முடித்தது. அலகைத் தூணில் இப்படியும் அப்படியும் தேய்த்தது. பிறகு தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. எதைத் தேடுகிறது என்று தெல்லிஸுக்குத் தெரிந்தது. மெலித்தாவுக்கும் தெரிந்தது. அவன் கையை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டான். முகத்தை வேறு பக்கம் திருப்பினான். ஒற்றைக் காலில் ஒரு அடி பின்னால் வைக்கப் பார்த்தான். ஊன்றுகோல் மண்ணில் புதைந்து நின்றது.

காக்கை இறங்கி வந்து அவன் தோளில் உட்கார்ந்தது. காதை மெல்லக் கவ்வியது.

சபையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பல பேருடைய பெருமூச்சு அது, ஒன்றாக வந்தது. இஸ்மேனியாஸ் நடந்து வந்தார். தெல்லிஸை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண் மறுபடியும் கலங்கியது.

"நம்ம அடிமரம்," என்றார். "துளிர்த்திருக்கு."

"ஐயா, நான் மனுஷன்," என்றான் தெல்லிஸ்.

"போன தடவையும் இதேதான் சொன்ன. காலுன்னு."

காக்கை கடைசித் துண்டுக்காகக் காத்திருந்தது. திராசோன் வந்தான். அவன் தெல்லிஸின் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று மாமாவைக் கேட்டான். வேருக்கு மேலே, வழக்கம்போல, என்றார் இஸ்மேனியாஸ். இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். காக்கைக்கு இடம் விட்டுப் பிடித்தார்கள். ஊன்றுகோலை ஒருவன் எடுத்து ஓரமாக வைத்தான்.

"அசையாம நில்லு," என்றான் திராசோன்.

தெல்லிஸ் அசைந்தான். உடம்பு முழுவதும் அசைந்தது.

மெலித்தா வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள்.

"காத்தடிக்குது," என்றாள், சத்தமாக. திராசோனைப் பார்த்துச் சொன்னாள். "காத்தடிக்கிறப்ப மரம் வெட்டக் கூடாதே. காத்தடிக்குதுல்ல?"

திராசோன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

"இல்லம்மா," என்றார் இஸ்மேனியாஸ், அன்பாக. "ஒரு இலைகூட அசையல."